மலையேற வயது தடையா?

(மைசூரு கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எழுபதைத் தாண்டி கிர்கிஸ்தான் போய்விட்டு வந்திருக்கிறீர்கள், நாலு வார்த்தை பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். பார்த்த இடங்களைப் பட்டியல் போடுவதைவிட, இனி போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் ஒரு விஷயத்தைச் சொல்லி அமர்கிறேன்.

கிர்கிஸ்தான், சீனாவுக்கு மேற்கே, மத்திய ஆசியாவில் உள்ள சிறிய நாடு. 1991-ல் சோவியத் யூனியனிலிருந்து பிரிந்தது. நிலப்பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் மலைதான். தலைநகர் பிஷ்கேக் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் மைசூரும் ஏறக்குறைய 770 மீட்டர். ஆகவே விமானத்தை விட்டு இறங்கியதும் உடம்புக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. போகப் போகத்தான் தெரியும்.

2023 ஜூலையில் நாங்கள் ஏழு பேர் சென்றோம். முதலில் இஸிக்-குல் ஏரி. உயரம் 1,607 மீட்டர். சுமார் 180 கிலோமீட்டர் நீளம், பார்த்தால் சமுத்திரம்தான். கடுங்குளிரிலும் உறைவதில்லை, பெயருக்கே 'வெதுவெதுப்பான ஏரி' என்று அர்த்தம். கி.பி. 630 வாக்கில் யுவான் சுவாங், தியான்ஷான் மலையைக் கடந்து இந்த ஏரி வழியாகத்தான் பாரதம் வந்தார். மலையைக் கடக்கையில் உடன் வந்தவர்களில் பலர் குளிரிலும் பசியிலும் மாண்டனர். அவரோ பிற்பாடு நம் காஞ்சிபுரம் வரை வந்து சேர்ந்தார்.

அடுத்து கோச்கோர் என்ற ஊரில் இரண்டு இரவு தங்கி, அங்கிருந்து சோங்-குல் ஏரிக்கு ஏறினோம். 3,016 மீட்டர். மரமே இல்லாத பச்சைப் புல்வெளி, குதிரை மந்தைகள், 'யுர்த்' எனப்படும் கம்பளிக் கூடாரங்கள். கோடைக்காலம் மட்டுமே மேய்ப்பர்கள் அங்கே இருப்பார்கள்.

நான் ஐம்பது வருஷத்துக்கு முன் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். அங்கே பாடம் கண்முன் நடந்தது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி லேசில் வேகாது. கொண்டுபோன சிறிய குக்கர்தான் காப்பாற்றியது. மாமிசம் இல்லாத சாப்பாடு அங்கே அபூர்வம்; காய்கறி சூப்பில்கூட மாமிசச் சாறு இருக்கலாம். ரொட்டி, ஜாம், பாலேடு, தேநீர் தாராளமாகக் கிடைக்கும். மற்றதற்குப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், பிறகு ரெடி டு ஈட் பொட்டலங்கள். இதில் மைசூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1961-ல் இங்கே தொடங்கப்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம், எல்லை வீரர்களுக்காக இத்தகைய உணவுகளை உருவாக்கியது. சமைத்ததைப் பல அடுக்குப் பையில் அடைத்து, அழுத்தத்தில் 120 டிகிரிக்குச் சூடாக்கினால், குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது.

சாப்பாட்டுக்கு வழி செய்துகொண்டோம். பிராணவாயுவைப் பொட்டலம் கட்ட முடியாதே!

முதல் இரவு, எங்களில் 68 வயது நண்பர் ஒருவருக்குக் கடுமையான தலைவலி, இரண்டு தடவை வாந்தி. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் காபியைத் தொடாததைப் பார்த்து விசாரித்தேன். "ஒண்ணுமில்லை ஓய், வாயுத் தொந்தரவு. இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம், என்னால எல்லாருக்கும் கெட வேண்டாம்" என்றார். குதிரைச் சவாரிக்கும் கிளம்பி நின்றார்! நான் விவாதிக்கவில்லை. மற்றவர்களை அங்கேயே விட்டுவிட்டு, அவரும் மாமியும் நானும் வண்டியில் 1,800 மீட்டரில் உள்ள கோச்கோருக்கு இறங்கினோம். சாயங்காலம் நாலு மணிக்கு, "தயிர் சாதம் கிடைக்குமா?" என்று கேட்டார். அதுதான் வைத்தியம்: இறங்குவது.

இது வயசின் குற்றமில்லை. நம் டி.ஆர்.டி.ஓ. முயற்சியில், 2011-ல் பிஷ்கேக்கில் இந்திய-கிர்கிஸ் மலை உயிர்மருத்துவ ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டது. சமவெளியிலிருந்து நம் ராணுவ வீரர்களை அழைத்துச் சென்று, 3,200 மீட்டர் உயரத்தில் துயா-ஆஷு கணவாயில் வைத்து, உடம்பு எப்படிப் பழகுகிறது என்று ஆராய்ந்தார்கள். திடகாத்திரமான வாலிபர்களுக்கே அவகாசம் வேண்டும் என்றால் நமக்குக் கேட்பானேன்? அசட்டை செய்தால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து.

ஆகவே போக விரும்புவோர் தாராளமாகப் போங்கள். முன்னதாக இருதயம், நுரையீரல், ரத்த அழுத்தம் மூன்றையும் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். உயர நோய்க்கான மாத்திரையை அவர் சொன்னால் மட்டும் எடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தினம் 500 மீட்டருக்கு அதிகமாக உயர்ந்து உறங்காதீர்கள். தலைவலியோடு மேலே ஏறாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் விட்டுச் சொல்லுங்கள். பிறருக்குச் சிரமம் தரக்கூடாது என்று உபாதையை மறைப்பது நம் தலைமுறையின் சுபாவம். வீட்டில் அது நல்ல குணமாக இருக்கலாம். மலையில் அது ஆளையே கொண்டுபோய்விடும். கூட வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சிரமம் வேறென்ன?