விளக்கியது விளங்கிற்றா?

புதிய மருந்தொன்றை மனிதரிடத்தே சோதிக்குமுன், விஷயத்தை விளக்கி அவர்தம் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பது 1947-இல் நியூரம்பர்க் நீதிமன்றம் வகுத்த நெறி. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், விளக்கியது உண்மையில் விளங்கிற்றா என்று அளந்து பார்க்கும் வழக்கம் பின்னரே பிறந்தது.

1982-இல் அமெரிக்க மனநல மருத்துவர் அப்பெல்பாமும் அவர்தம் துணைவர்களும் ஒன்றைக் கண்டனர். இன்னாருக்கு இன்ன சிகிச்சை என்பதைக் குலுக்கலே தீர்மானித்தது. நோயாளிகளில் பலரோ, மருத்துவர் தம் நிலையறிந்து தேர்ந்தளித்ததாகவே நம்பியிருந்தனர். கையெழுத்து இருந்தது; தெளிவு இல்லை.

எனில், படிவத்தைத் திருத்தி எழுதினால் போதுமா? 2004-இல் ஃப்ளோரி, இமானுவேல் என்னும் இருவர் இத்தகைய 42 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். படிவத்தைச் செப்பனிட்ட 15 முயற்சிகளில் 6-இல்தான் தெளிவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. படக்காட்சி முதலியவற்றைக் கையாண்ட 12-இல் 3-இல் மட்டுமே. நேருக்கு நேர் அமர்ந்து நிதானமாகப் பேசிய 5-இல் 3 பயனளித்தன. கேள்வி கேட்டுத் திருத்திய 5 முயற்சிகளும் வென்றன. எனினும் அவ்வெற்றி புரிதலா, மனப்பாடமா என்று அவர்களே ஐயுற்றனர். அவ்வையம் நேர்மையானது என்போம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இம்முடிவு வியப்பளிக்கவில்லை. ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ என்று எழுதினால் அகராதிக்குப் பிழையில்லை. கேட்கும் மூதாட்டிக்கோ ‘ஒதுக்கீடு’ என்றதும் அரசாங்க வேலைதான் நினைவுக்கு வரும். ‘சீட்டுக் குலுக்கிப் போட்டு மருந்து கொடுப்பார்கள்’ என்றால் அக்கணமே புரியும். ‘அப்படியானால் வேண்டாம்’ என்று அவர் சொல்லவும் கூடும். அதற்காகத்தானே கேட்கிறோம்!

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர்க்கு இன்னொரு சங்கடம் உண்டு. படிவம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். உடன் வந்த மகன், ‘எல்லாம் சரிதான், போடுங்கள் அம்மா’ என்று பேனாவை நீட்டுவான். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியிலேயே தகவல் தரவேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. ஆகவே தமிழ்ப் படிவம் கேட்பது சலுகையன்று. படித்தபின் அன்னையையே தம் சொற்களில் திரும்பச் சொல்லச் செய்யலாம். மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்னும் வரியும் அத்தாளில் இருந்தாக வேண்டும். அது எங்கே உள்ளது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.