விடுமுறைக் கட்டுரையில் எழுத என்ன இருக்கிறது?

(கொல்லிமலை, செம்மேட்டில் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்று ஐந்து நாள் தங்கி வந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் உடன் வந்தார்கள். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பார்த்த இடங்களை மட்டும் அடுக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாம் கொடுக்கும் முதல் கட்டுரை, 'விடுமுறையை எவ்வாறு கழித்தாய்?' என்பதுதான். நம் பிள்ளைகளில் பலர் எழுதுவது ஒரே வரி: 'நான் எங்கும் போகவில்லை.' அந்த வரியை எழுதிய ஒரு மாணவன் விடுமுறை முழுவதும் தந்தையோடு பலாப்பழம் இறக்கியிருக்கிறான். சோளக்காடு சந்தைக்குப் போய் வந்திருக்கிறான். அதெல்லாம் எழுதத் தகுந்தது என்று அவனுக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட வகுப்பில், விமானம் ஏறிப் போய் வந்த ஆசிரியர் எதைச் சொல்வது?

புறப்படும் முன்பே என் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்தேன். எந்த இடத்துக்குப் போனாலும், 'இது எங்கிருந்து வருகிறது? இங்கே முன்பு என்ன இருந்தது?' என்று கேட்டு, விடையை நோட்டில் எழுத வேண்டும்.

முதல் கேள்வியை மகன் குடிநீரில் தொடங்கினான். சிங்கப்பூரில் பெரிய ஆறுகள் இல்லை. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூரிலிருந்து ஒரு பகுதி நீர் வருகிறது. மழைநீரைத் தேக்குகிறார்கள், கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், கழிவுநீரையும் சுத்திகரித்து 'நியூவாட்டர்' என்ற பெயரில் மீண்டும் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஆர்ச்சர்ட் சாலையில் விடை கிடைத்தது. இன்று அது பெரிய வணிக வளாகங்கள் நிறைந்த தெரு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே சாதிக்காய்த் தோட்டங்களும் பழத் தோட்டங்களும் இருந்தன. சாலையின் பெயரே தோட்டத்தைக் குறிப்பதுதான். 1850களில் நோய் தாக்கிச் சாதிக்காய் மரங்கள் அழிந்தன.

2012இல் திறக்கப்பட்ட 'கார்டன்ஸ் பை த பே' பூங்காவில் மேகக் காடு என்று ஒரு கண்ணாடிக் கூடம் உண்டு. உள்ளே செயற்கை மலை, அதிலிருந்து விழும் 35 மீட்டர் அருவி. 1000 மீட்டருக்கு மேல் உள்ள மலைகளின் குளிரையும் ஈரத்தையும் இயந்திரம் வைத்து உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டின் மிக உயரமான புக்கித் தீமா குன்றே சுமார் 163 மீட்டர்தான். மகள் சொன்னாள்: "அப்பா, டிக்கெட் வாங்கிட்டு நம்ம மலைக்கே வந்திருக்கோம்!"

அந்த வாக்கியத்தைத்தான் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். படங்களைக் காட்டுவதற்கு முன், "ஆகாய கங்கையில் விழும் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டேன். அய்யாறு என்றார்கள் சிலர். அது புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிக் காவிரியில் சேர்வதை வரைபடத்தில் பார்த்தோம். அதன் பிறகே சிங்கப்பூரின் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். தண்ணீருக்காக ஒரு நாடு இவ்வளவு பாடுபடுவதை அவர்கள் வியப்போடு கேட்டார்கள்.

ஆர்ச்சர்ட் சாலையைச் சொன்னதும், "உங்கள் வயலில் தாத்தா காலத்தில் என்ன விளைந்தது? கேட்டு வாருங்கள்" என்றேன். சாமை, தினை, கேழ்வரகு என்று மறுநாள் பட்டியல் வந்தது. அவற்றில் பல நிலங்கள் இன்று மரவள்ளிக்கு மாறிவிட்டன. ஏன் மாறின என்பதைப் பிள்ளைகளே பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். சமூக அறிவியலும் தமிழும் அங்கே ஒன்றாக நடந்தன.

கட்டுரைத் தலைப்பையும் மாற்றினேன்: 'விடுமுறையில் ஒரு நாள், ஓர் இடம், நான் கவனித்தவை.' ஒற்றை வரி எழுதிய அதே மாணவன் சோளக்காடு சந்தையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினான். எந்தப் பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள், யார் பேரம் பேசுகிறார்கள் என்றெல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தான்: 'இங்கே விற்கும் பலாப்பழம் கீழே போய் என்ன விலைக்குப் போகிறது?' வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அடுத்த சந்தையில் அவனே வியாபாரியிடம் கேட்டு வந்தான். அந்த இரண்டு விலைகளை வைத்து இலாபக் கணக்கு நடத்தினோம்.

ஒரு மாணவி, "நாங்களும் அங்க போக முடியுமா சார்?" என்று கேட்டாள். அந்த ஆசை நியாயமானது; பேச்சை மாற்றி அதை மூடிவிடக் கூடாது. போட்டிகளில் வெல்லும் அரசுப் பள்ளி மாணவர்களை நம் துறை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதைச் சொன்னேன். கலைத் திருவிழா, பேச்சு, கட்டுரை, வினாடி வினா என்று எந்தப் போட்டி அறிவிப்பு வந்தாலும் இப்போது அவள் பெயர் கொடுக்கிறாள். அந்த அறிவிப்புகள் ஆசிரியர் அறையோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

எல்லாக் குடும்பமும் வெளிநாடு போக முடியாது. ஆனால் கூர்ந்து பார்க்கவும் கேள்வி கேட்கவும் எல்லாப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கலாம். வரும் ஜூனில் 'எங்கே போனாய்?' என்பதற்குப் பதிலாக 'என்ன கவனித்தாய்?' என்று கேளுங்கள். தாங்கள் பிறந்த மலையைப் பற்றிப் பிள்ளைகள் எழுதித் தருவதில் நமக்கும் புதிய செய்திகள் இருக்கும்.