வீட்டிலேயே குஞ்சு பொரிப்போம், கணக்கோடு பொரிப்போம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நாட்டுக்கோழி அடை உட்கார்ந்தா 10, 12 முட்டைதான் தாங்கும். 21 நாள் அடை. அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசம் குஞ்சுகளோடயே சுத்தும். அதுவரைக்கும் முட்டை கிடையாது. அந்த முட்டைகளை நாம பெட்டியில் வெச்சுட்டா, கோழி சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்திடும்.

இது புதுசா வந்த வித்தை இல்லை. எகிப்து நாட்டில் 2000 வருஷத்துக்கு முன்னாடியே மண்ணால் கட்டின சூட்டு அறைகளில் பொரிச்சிருக்காங்க. முட்டையைக் கண் இமையில் வெச்சே சூடு பார்த்தாங்க. பங்களாதேஷ் கிராமத்துப் பெண்கள் நெல் உமியையும் மண்ணெண்ணெய் விளக்கையும் வெச்சுப் பொரிச்சாங்க. நமக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி போதும்.

பெட்டிக்குள்ளே ரெண்டு குண்டு பல்பு வேணும். எல்.இ.டி. பல்பு சூடு தராது. ரெண்டு எதுக்குன்னா, ஒண்ணு பியூஸ் போனாலும் இன்னொண்ணு எரியும். கம்ப்யூட்டர்ல இருக்கிற மாதிரி சின்ன ஃபேன், சூட்டைக் கட்டுப்படுத்தற டெம்பரேச்சர் கன்ட்ரோலர், ஒரு தெர்மாமீட்டர், ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணி, காத்துக்கு நாலஞ்சு துளை. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். தண்ணியும் கரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு, தெர்மாகோல் சூட்டில் உருகும், தீயும் பிடிக்கும். அதனால பல்பு எதையும் தொடாம இருக்கணும். வயரிங்கை எலெக்ட்ரீஷியன்தான் செய்யணும். முட்டையைத் தொடும் முன்னே சுவிட்சை நிறுத்தணும்.

சூடு 37.5 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லாத பெட்டின்னா முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வரைக்கும் இருக்கலாம். ஈரப்பதம் முதல் 18 நாள் 50-லிருந்து 60 சதவீதம், கடைசி 3 நாள் 65-க்கு மேல. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போடுங்க. ஒரு நாளைக்கு 3 தடவையாவது திருப்பணும். 18-ஆம் நாளோட திருப்புறதை நிறுத்திடணும். அதுக்கப்புறம் அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கிறது ஆசை, ஆனா ஈரம் போயிடும், குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும்.

கடையில் வாங்குற வெள்ளை முட்டை பொரிக்காது. அந்தப் பண்ணையில் சேவலே கிடையாது. 8, 10 கோழிக்கு ஒரு சேவல் இருக்கிற வீட்டு முட்டைதான் வேணும். இட்டு 7 நாளைக்கு மேல ஆகக் கூடாது, கழுவக் கூடாது, கூர் முனை கீழே இருக்கணும்.

நம்ம பகுதிக்குன்னு ரெண்டு விஷயம். அக்னி நட்சத்திரத்தில் ஷீட் வீட்டுக்குள்ளே 40 டிகிரி தாண்டும். கன்ட்ரோலர் பல்பை அணைக்கும், ஆனா குளிர வைக்காது. உள்ளே கரு செத்துடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ கரண்டு இல்லாம இருந்தது உங்களுக்கே தெரியும். ஒண்ணு ரெண்டு மணி நேரம் கரண்டு போனா பெட்டியைத் திறக்காம போர்வை போட்டு மூடலாம். நாள்கணக்கில் போனா ஒண்ணும் செய்ய முடியாது. அதனால 21 நாளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வையுங்க.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. நம்மில் பாதிப் பேருக்குக் கோழி வளர்க்க இடமே இல்லை. பட்டாபிராம், திருநின்றவூர், திருமழிசைப் பக்கம் இருக்கிற சகோதரிகளுக்குக் கொல்லை இருக்கு. அம்பத்தூர்ல வாடகை வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒரு மூலைதான் இருக்கு, அங்கே பெட்டி வைக்கலாம். முட்டை ஒருத்தர், பெட்டி ஒருத்தர், ஒரு மாசம் வளர்க்கிறது ஒருத்தர்னு கூட்டமைப்புக்குள்ளேயே பிரிச்சுக்கலாம்.

பிரிச்சா சண்டை வரும். "என் முட்டை நல்ல முட்டை, உன் பெட்டிதான் சரியில்லை"ன்னு பேச்சு வரும். அதைத் தீர்க்க வழி இருக்கு. 7-ஆம் நாள் ராத்திரி, முட்டை கொடுத்தவங்களும் பெட்டி வெச்சவங்களும் சேர்ந்து உட்கார்ந்து, இருட்டில் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி மாதிரி ரத்த நாளம் தெரிஞ்சா கரு வளருது. ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா கரு கூடலை. ரத்த வளையம் மட்டும் தெரிஞ்சா கரு உண்டாகி செத்துருக்கு.

ஒரு கணக்கு சொல்றேன். 30 முட்டை வைக்கிறோம். 7-ஆம் நாள் 5 முட்டை தெளிவா இருக்குன்னு எடுத்துட்டோம். மீதி 25-ல் 20 குஞ்சு வந்தா, பெட்டிக்கு 80 சதவீதம். அந்த 5 முட்டை பெட்டிக்காரங்க நஷ்டம் இல்லை, சேவலைத்தான் பார்க்கணும். 25-ல் 10 தான் வந்துச்சுன்னா பெட்டியோட சூட்டையும் ஈரத்தையும் பார்க்கணும். ரெண்டு பேரும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டா பேச்சுக்கே இடமில்லை. சேமிப்புக் கணக்கை எழுதுற கைக்கு இது பெரிய வேலையா?

பொரிச்ச குஞ்சுக்கு முதல் ஒரு நாள் தீனி இல்லாட்டியும் பரவாயில்லை, வயித்தில் மஞ்சள் கரு இருக்கும். முதல் வாரம் 35 டிகிரி சூடு, வாரத்துக்கு 3 டிகிரி குறைங்க. 7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போட அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்க. இதை விட்டா, பொரிச்சது அத்தனையும் ஒரே வாரத்தில் போயிடும்.

கடைசியா கடன் விஷயம். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக் கம்பெனிங்க கவுந்தப்போ எத்தனை குடும்பம் அழுதுச்சு! "குஞ்சும் நாங்க தர்றோம், மாசாமாசம் பணமும் தர்றோம்"னு யார் வந்தாலும் குழுப் பணத்தை எடுக்காதீங்க. பெரிய மெஷினுக்கும் முதல்லயே கடன் வேண்டாம். 30 முட்டைப் பெட்டியில் மூணு ஈடு பொரிச்சு, நோட்டைக் கொண்டு வந்து காட்டுங்க. அந்த நோட்டைப் பார்த்துக் குழு கடன் கொடுக்கட்டும்.

பயிற்சிக்கு மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கு. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கு. அது பூந்தமல்லி காட்டுப்பாக்கம் இல்லை, பொத்தேரி பக்கத்துல இருக்கிறது. பஸ் ஏறும்போது மாத்திப் போயிடாதீங்க!