சாக்கும் மனமாற்றமும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மனிதனின் முதற் பாவத்தோடு கூடவே முதற் சாக்கும் பிறந்தது. விலக்கப்பட்ட கனியைத் தின்ற ஆதாம் ஏவாளைக் காட்டினான். ஏவாள் பாம்பைக் காட்டினாள். குற்றமற்றவரைச் சாவுக்கு ஒப்புவித்த பிலாத்து தண்ணீரில் கை கழுவினான். தவறு செய்வது வீழ்ச்சி. அதற்குச் சாக்குச் சொல்வதோ, எழுந்திருக்கும் வழியையே அடைத்துவிடுகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவன் மன்னிப்பைக் கேட்பது எங்ஙனம்?

தமிழகத்துத் திருச்சபையில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட சாக்கு ஒன்றுண்டு. ‘சாதி சமயத்தைச் சேர்ந்ததன்று, அது வெறும் உலக வழக்கம்’ என்பதே அது. போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன், 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குள் குருமார் சென்று இறுதித் திருச்சடங்குகளை நிறைவேற்ற வேண்டும் என்பது அதில் ஒரு கட்டளை. இதற்கும் ஓர் ஆணை வேண்டியிருந்ததே என்பதை எண்ணிப் பாருங்கள்! 1833இல் ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை அறவே விட்டொழிக்கப் பணித்தார். தஞ்சைச் சபையில் பலர் அதை ஏற்க மறுத்தனர். அவர்களும் வழக்கத்தையே காட்டினர்.

அந்தச் சாக்கு நம் காலத்திலும் மடியவில்லை. அன்றைய தென்னார்க்காட்டிலும் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கியது எறையூர். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், ஒரே திருமுழுக்குப் பெற்ற தலித் கிறிஸ்தவர்களுக்கு ஆலயத்தில் தனியிடம், சவ ஊர்வலத்திற்குத் தனிவழி, அடக்கத்திற்குத் தனிக் கல்லறை. அவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டுப் போராடினர். 2008 மார்ச் 9ஆம் நாள் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். மாண்டவர்கள் தலித்துகள் அல்லர்; எதிர்த்தரப்பினர். அவர்களுக்காகவும் நாம் துயருறுகிறோம். சாக்கு, அதைச் சொல்பவரையும் காவு கொள்கிறது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சாதிப் பாகுபாடு ஒரு சமூகப் பாவம் என்று தன் கொள்கை அறிக்கையில் ஏற்றுக்கொண்டது. வழக்கம் என்று அழைத்ததைப் பாவம் என்று அழைப்பதே மனமாற்றத்தின் முதற்படி. ஆனால் முதற்படியிலேயே நின்றுவிட்டவன் மாடி ஏறியவன் ஆகான்.

இளைஞர்களே, பிறருடைய சாக்கு நம் கண்ணுக்கு எளிதில் புலப்படுகிறது. நம்முடைய சாக்கு? குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன், வேலைக்குச் சென்ற இடத்தில் பட்ட அவமானத்தைக் காரணம் சொல்கிறான். மகளின் படிப்பை நிறுத்தும் தந்தை ஊர் நிலைமையைக் காட்டுகிறார். நமக்கும் கீழானவர் என்று ஒரு பிரிவினரை எண்ணி, அவர்கள் வீட்டில் கை நனைக்க மறுக்கும்போது, ‘அது நம் வழக்கம்’ என்கிறோம். நம்மை வதைத்த அதே சொல் நம் வாயிலிருந்தே வருகிறது! நமக்கு இழைக்கப்பட்ட அநீதி மெய். அதை எதிர்த்துப் போராடுவது நம் கடமை. ஆயினும் அந்த அநீதி, நாம் பிறருக்கு இழைக்கும் அநீதிக்கு நியாயமாகாது.

நான் கிறிஸ்தவன், சுவாமி சகஜானந்தர் இந்துத் துறவி. ஆயினும் இதில் அவர் எனக்கும் ஆசான். 1916இல் அவர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அடைத்துக் கிடந்த கதவுகளைக் காட்டி அவர் வாளாவிருந்திருக்கலாம்; யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ வேறொரு கதவைத் திறந்தார்.

தாவீது அரசன் செய்த கொடுமையை நாத்தான் தீர்க்கதரிசி எடுத்துரைத்தபோது, அரசன் பிறரைச் சுட்டவில்லை; தன் பாவத்தை ஒப்புக்கொண்டான். அரியணையில் அமர்ந்திருந்தவனுக்கே அந்தத் துணிவு வேண்டியிருந்தது. இவ்விழா நாளில் நாம் வேண்டுவதும் அத்துணிவையே. இன்று வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் தம் சாக்கு ஒன்றைத் தேடிக் கண்டு, அதை விட்டுவிடுங்கள். நம் கல்வி அங்கேதான் தொடங்கட்டும்.