காதுக்குள் ஒரு புதுப் பழக்கம்



செவிப்புலன் கருவி, நம் ஊர்ப் பேச்சில் காது மிஷின், முதன்முதலாகக் காதில் ஏறும்போது என்ன நடக்கிறது, அதோடு வாழ எப்படிப் பழகுவது என்று இன்று பேச வந்திருக்கிறேன். கருவியின் விலையையும் வகையையும் சொல்லப் பலர் இருக்கிறார்கள். பழகும் கலையைப் பற்றிய பேச்சுதான் குறைவு. அதனால்தான் மலாக்காவின் ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் எத்தனையோ வீடுகளில், பிள்ளைகள் பாசத்தோடு வாங்கிக் கொடுத்த கருவி டப்பாவோடு அலமாரியில் கிடக்கிறது.

கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி, செர்க்காம், புக்கிட் அசகான் என்று தோட்டப் பெயர்களைச் சொன்னாலே பெரட்டு நேரமும் பால் வாளியும் நினைவுக்கு வரும் தலைமுறைக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. மூப்பினால் வரும் செவிக்குறைவு உலகத்துக்கே பொதுவானது. செவிக்குறைவுக்கு உதவி தேவைப்படுவோர் 430 மில்லியன் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. ஆனால் செம்பனை ஆலையில் கொதிகலனுக்கும் டர்பைனுக்கும் பக்கத்தில் நின்றவர்கள், புல்வெட்டும் மிஷினை வருடக்கணக்கில் முதுகில் சுமந்தவர்கள், இவர்களுடைய காது மூப்பு வருமுன்னே தேய்ந்திருக்கும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை சத்தம் இருக்கலாம் என்றது மலேசியாவின் 1989-ஆம் ஆண்டு விதி. 2019 ஜூனில் நடப்புக்கு வந்த புதிய விதி அதை 85 ஆகக் குறைத்தது. ஐந்துதானே குறைந்தது என்று நினைக்க வேண்டாம். டெசிபல் கணக்கில் மூன்று கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிவிடும். நம் பெரியவர்களில் பலர் இந்த இரண்டு விதிகளுக்கும் முன்பே ஆலைக்குள் போனவர்கள். உழைத்துத் தேய்ந்த காது அது. அதில் கருவி மாட்டுவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

காது மந்தமானால் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறையும் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலோருக்கு மெலிந்த, உச்சமான ஒலிகள் முதலில் போகின்றன. கனத்த ஒலிகள் தங்குகின்றன. கட்டு, தட்டு, பட்டு. இந்த மூன்று சொற்களும் வேறுபடுவது முதல் எழுத்து வெடிக்கும் அந்த ஒரு கணத்தில்தான். அது காதுக்கு எட்டவில்லை என்றால் மூன்றும் ஒன்றுதான். "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் தங்கள் காதின் நிலையைத் துல்லியமாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. உட்செவி பழுதானவருக்குச் சின்னச் சத்தம் கேட்காது. பெரிய சத்தமோ மற்றவர்களைவிடச் சீக்கிரம் வலிக்கும். பேரன் இரண்டு தடவை மெதுவாகக் கேட்பான், மூன்றாவது தடவை கத்துவான். "ஏன்டா கத்துற, எனக்கு என்ன காதா கேக்கல?" என்பார் தாத்தா. இருவருமே உண்மையைத்தான் பேசுகிறார்கள். நல்ல கருவி இந்த இடைவெளியை அறிந்து, சின்ன ஒலியை அதிகமாகவும் பெரிய ஒலியைக் குறைவாகவும் தூக்கிக் கொடுக்கிறது. இது அதன் பெரிய சிறப்பு.

சரி, மாட்டியாயிற்று. முதல் நாள் என்ன கேட்கும்? பேரப்பிள்ளையின் மழலை என்று விளம்பரங்கள் காட்டும். உண்மையில் முதலில் கேட்பது ஐஸ் பெட்டியின் உறுமல், காற்றாடி, செருப்பின் உரசல், தட்டுகள் மோதும் சத்தம், தகரக் கூரையில் விழும் மழை. சொந்தக் குரலும் தலைக்குள்ளேயே முட்டி எதிரொலிக்கும். நாம் பேசும்போது எலும்பு வழியாகக் காதுக்கு வரும் அதிர்வு வெளியேற முடியாமல் கருவி துவாரத்தை அடைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். காதுக்குள் போகும் முனையை மாற்றியோ காற்றுத் துளையைப் பெரிதாக்கியோ இதைப் பெரும்பாலும் குறைக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. "எனக்கு ஒத்து வரல" என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

பழக நாளாகும் என்று நான் சொல்வது, பால்மரம் சீவக் கற்றுக்கொண்டவர்களுக்குச் சட்டென்று விளங்கும். புதிதாகக் கத்தி பிடித்த கை ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. கங்காணி சொல்லிக் கொடுத்தாலும், கை தானாக ஆழம் அறிந்துகொள்ள நாளாகும். மூளையும் அப்படித்தான். எந்தச் சத்தத்தை ஒதுக்குவது, எதைக் கவனிப்பது என்று அது ஒரு காலத்தில் அறிந்திருந்தது. மந்தமாகிப்போன வருடங்களில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. அது திரும்பி வர வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும்.

கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள் என்று சிலர் சொல்வார்கள், முதல் நாளிலிருந்தே முழு நேரமும் போடுங்கள் என்று வேறு சிலர். என் எண்ணம் இது: வீட்டுக்குள் முடிந்தவரை விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும்; பசாருக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அவசரப்பட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். விசேஷத்துக்கு மட்டும் மாட்டிப் போகிறவர்கள்தான் சீக்கிரம் வெறுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் கருவி மிகவும் தடுமாறுகிற இடமே கூட்டம்தான்.

பழகுவதற்கு வானொலி அருமையான துணை. இதை வானொலியில் பேசுவதால் சொல்லவில்லை. வானொலியில் உதட்டைப் பார்க்க முடியாது, காது மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். செய்தி வாசிப்பவரின் உச்சரிப்பு தெளிவாக இருக்கும். அன்றைய தமிழ் நாளிதழில் தலைப்புகளைப் படித்துவிட்டு அதே செய்தியைக் கேட்டால், எதிர்பார்த்த சொல்லைக் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வானொலிக்கும் காது கருவிக்கும் ஓர் உறவும் உண்டு. தோட்டத்து லயங்களில் நாம் கேட்டு வளர்ந்த டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது 1954-இல். அதற்கு முன்பே, 1952 கடைசியில், சோனோடோன் என்ற அமெரிக்க நிறுவனம் டிரான்சிஸ்டரைக் காது கருவிக்குள் வைத்து விற்றுவிட்டது. காது கேளாதவர்களுக்கு உழைத்த பிறகுதான் டிரான்சிஸ்டர் நமக்குப் பாட்டுக் கொடுத்தது.

வீட்டில் தினமும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. டேனியல் லிங் என்பவர் வகுத்தது. ஆறே ஒலிகள்: ம்... ஊ... ஆ... ஈ... ஷ்... ஸ்... கனத்த ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை பேச்சின் பரப்பை இவை தொட்டுவிடும். மகளோ மருமகளோ இரண்டு எட்டு தள்ளி நின்று, வாய் தெரியாதபடி தாளால் மறைத்துக்கொண்டு, வரிசையை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நேற்று வரை வந்த "ஸ்" இன்று வரவில்லை என்றால், பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது முனையில் குறும்பி அடைத்திருக்கும்.

கருவியால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகக் கூட்டத்துக்கு நடுவே, உறுமி மேளம் அதிரும்போது, பக்கத்தில் நிற்பவர் பேச்சை எந்தக் கருவியும் பிரித்துக் கொடுத்துவிடாது. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையைச் சில கருவிகள் தாமே எழுப்பும் விசில் என்று தவறாக எண்ணி அழுத்தப் பார்க்கும். இசை நடுங்குவதுபோல் கேட்கும். இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பாட்டைக் கேட்கும் ஆசையில்தான் பல பெரியவர்கள் கருவிக்கே சம்மதிக்கிறார்கள். அந்த ஆசையைச் சில்லறை விஷயமாக ஒதுக்கக் கூடாது.

நம் நாட்டு வெக்கையும் வியர்வையும் கருவிக்குப் பகை. இரவில் கழற்றித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வையுங்கள். துத்தநாகக் காற்று பேட்டரி என்றால், ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் பிறகு போடுங்கள். விரல் நடுங்குபவருக்கு அந்தக் குட்டி பேட்டரி பெரிய தொல்லை. அவருக்கு மின்னேற்றும் வகையே மேல்.

வீட்டாருக்கும் பாதி வேலை இருக்கிறது. அடுக்களையிலிருந்து கூப்பிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். முன்னால் வந்து, முகத்தில் வெளிச்சம் பட நின்று, பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிட்டுப் பிறகு பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே சொல்லை உரக்கச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். செவிக்குறைவைவிட அந்தச் சொல்தான் மனிதரை மூலையில் உட்கார வைக்கிறது.

செலவுக்கு வழிகள் உண்டு. மலாக்கா மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சோதனை செய்துகொள்ளலாம். வேலையிடச் சத்தத்தால் காது கெட்டது என்றால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்தவர்கள் சமூக நல இலாகாவில் துணைக்கருவி உதவி கேட்கலாம். அரசாங்க ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. பாரங்களை நிரப்ப இளையவர் ஒருவர் கூடப் போவது நல்லது.

அலமாரியில் ஏற்கெனவே ஒரு கருவி கிடந்தால், புதிது வாங்குமுன் அதை எடுத்துக்கொண்டு செவிப்புலன் நிபுணரிடம் போங்கள். அதை வாங்கியபோது இருந்த காது இப்போது இல்லை. புதுச் சோதனை எடுத்து அதற்கேற்ப அமைப்பை மாற்றிப் பார்க்க முடியும். போகுமுன் ஒரு வாரம் போட்டுப் பார்த்து, எங்கே கேட்கவில்லை, எங்கே வலித்தது, யார் குரல் புரியவில்லை என்று இடத்தோடும் நேரத்தோடும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சரியில்லை என்று மட்டும் சொன்னால் அவர் எதைத் திருகுவார்? சாப்பாட்டு மேசையில் மருமகள் குரல் கேட்கவில்லை, பின்னால் காற்றாடி ஓடியது என்று சொன்னால், எதை மாற்ற வேண்டும் என்று அவருக்குப் பிடிபடும்.