“மாட்டிக்கிட்டேன்” என்று சொல்ல ஓர் இடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சாஃப்ட்வேர் குழுக்களை ‘அஜைல்’ முறையில் நடத்துவது பற்றிச் சில நடைமுறைக் குறிப்புகள் சொல்லுமாறு சங்கச் செயலாளர் பணித்தார். இது என்ன வென்று கேட்கும் மூத்தவர்களுக்காக ஒரு சிறு முன்னுரை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி ஒரு சிறு அறிக்கை வெளியிட்டார்கள். எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி வைத்து, கடைசியில் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் செய்து, காட்டி, திருத்தி, மேலே போங்கள் என்பதுதான் அதன் சாரம். அதற்கும் முன்பே, 1995-இல் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் ‘ஸ்க்ரம்’ என்ற முறையை ஒரு மாநாட்டில் விளக்கியிருந்தார்கள். தினமும் 15 நிமிடக் கூட்டம், ஒரு மாதத்துக்குள் முடியும் சிறு சிறு தவணைகள் என்று இன்று பல கம்பெனிகளில் நடப்பது அதன் வழி வந்ததுதான்.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். நான் சொல்ல வந்தது புத்தகத்தைப் படித்த பிறகும் நான் செய்த தவறு.

2017 ஜூலை 1. நாடு முழுவதும் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த நாள். பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு. நாங்கள் 9 பேர், நான் தலைவன். வரி விகிதங்களே மே, ஜூன் மாதங்களில்தான் முடிவாகின. ஆயத்த ஆடை 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்றார்கள். அப்படியென்றால் 1050 ரூபாய்ச் சட்டைக்கு 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் வரி விகிதமே மாறிவிடும்! தேவைகள் தினம் மாறும் இப்படிப்பட்ட வேலைக்காகத்தான் அஜைல் பிறந்தது.

தினமும் காலை 10 மணிக்கு எல்லோரும் வட்டமாக நிற்போம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை என்று நான் கேட்பேன், கணக்கில் குறித்துக்கொள்வேன். 15 நிமிடக் கூட்டம் 40 நிமிடம் போகும். ஒரு நாள் ஒரு பெண், “இன்னும் முடியலை சார்” என்றார். எல்லோர் முன்னிலையிலும் நான் கேட்டேன்: “இதுக்கு மூணு நாளா?”

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எல்லாரும், “90 பர்சென்ட் முடிஞ்சது சார்” என்றார்கள். போர்டு முழுக்கப் பச்சை. எனக்குப் பெருமை தாங்கவில்லை! அது நம் வகுப்பில் போட்ட ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் மாதிரி என்பது எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் எல்லாரும் இருப்பார்கள், பெஞ்சில்தான் ஆள் இருக்காது.

ஜூன் 27 இரவு எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். சரக்கு திரும்பி வரும் பகுதி வேலையே செய்யவில்லை. பழைய ‘வாட்’ வரியில் வாங்கிய புடவையை ஜூலையில் திருப்பிக் கொடுத்தால் எந்த வரியைக் கழிப்பது என்ற இடத்தில், குழுவிலேயே இளையவரான ஒரு தம்பி 8 நாளாக மாட்டிக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு வாட் கணக்கு தண்ணீர் பட்ட பாடு!

நாங்கள் நான்கு இரவு தூங்கவில்லை. ஜூலை 1 அன்று பில் வந்தது. ஆனால் திரும்பி வந்த சரக்கையெல்லாம் இரண்டு வாரம் கடைச் சிப்பந்திகள் கையாலேயே எழுதினார்கள். ஆகஸ்டில் அந்தத் தம்பி ராஜினாமா செய்தார். கடைசி நாள் அவர் சொன்னது: “முதல் நாளே சொல்லியிருப்பேன் சார். அன்னிக்கு அந்த அக்காவை நீங்க கேட்டதைப் பார்த்துட்டு, சொல்லப் பயமா இருந்துச்சு.”

நண்பர்களே, அவருடைய வேலையைக் கெடுத்தது வரிச் சட்டமல்ல, என் மூன்று வார்த்தைகள். அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை இவை.

ஒன்று. காலைக் கூட்டம் தலைவருக்கு ஒப்பிக்கும் கூட்டமல்ல. நான் இப்போது வட்டத்துக்கு வெளியே நிற்கிறேன். ஆள் ஆளாகக் கேட்பதில்லை, போர்டில் உள்ள வேலை வேலையாகப் பேசுகிறோம். 2020-இல் வந்த ஸ்க்ரம் கையேடே அந்த மூன்று கேள்விகளை எடுத்துவிட்டது. யாராவது “மாட்டிக்கிட்டேன்” என்றால் என் முதல் பதில், “சொன்னதுக்கு நன்றிப்பா. யார் இவர்கூட உட்காரப் போறீங்க?” ஜப்பானின் டொயோட்டா ஆலையில் சாதாரணத் தொழிலாளிகூடக் குறை கண்டால் கயிற்றை இழுப்பார். உடனே உதவிக்கு ஆள் வருவார், தேவைப்பட்டால் வரிசையே நிற்கும். கயிறு கட்டுவது எளிது. இழுத்தவரைத் திட்டாமல் இருப்பதுதான் கடினம்.

இரண்டு. 90 சதவீதம் என்ற கணக்கை ஒழித்தோம். எழுதி, இன்னொருவர் பார்த்து, சோதித்து, வாடிக்கையாளருக்குக் காட்டியாகிவிட்டதா? அப்படியானால் முடிந்தது. இல்லையென்றால் முடியவில்லை. நடுவில் ஒன்றும் கிடையாது.

மூன்று. கல்யாணப் பந்தியைப் பாருங்கள். ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அடுத்த பந்திக்கு இலை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இலை போட்டுவிட்டு, ஒருவருக்குச் சோறு, ஒருவருக்குச் சாம்பார் என்று ஓடினால் யாருக்கும் வயிறு நிறையாது. 9 பேர் குழுவில் ஒரே சமயத்தில் 4 வேலைகளுக்கு மேல் திறக்கக் கூடாது என்று வைத்தோம். இருவர் இருவராக உட்கார வேண்டிய கட்டாயம் வந்தது. மறைப்பதற்கு இடமில்லாமல் போனது.

நான்கு. வேலையை மெல்லிய துண்டாக, ஆனால் முழுத் துண்டாக வெட்டுங்கள். முதல் இரண்டு வாரத்தில் ஒரு கடை, ஒரு சட்டை, ஒரு வரி. ஆனால் பில் அச்சாகிக் கையில் வர வேண்டும். அதை மேனேஜரிடம் காட்டாதீர்கள், கல்லாவில் உட்காருபவரிடம் காட்டுங்கள். “இதுல ரிட்டர்ன் எங்க சார்?” என்று அவர் முதல் நாளே கேட்டிருப்பார்.

ஐந்து. தாமதமானால் ஆள் சேர்க்காதீர்கள். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். 9 பேருக்குள் பேச 36 இணைப்புகள், 12 பேர் என்றால் 66. ஆளைக் கூட்டுவதைவிட வேலையைக் குறைப்பதே வழி.

ஆறு. தவணை முடிந்ததும் திரும்பிப் பார்க்கும் கூட்டம் கட்டாயம். அதில் தலைவர் கடைசியாகப் பேச வேண்டும். பத்துத் தீர்மானம் வேண்டாம். ஒரே ஒரு மாற்றம், அதற்கு ஒரு பொறுப்பாளர். அடுத்த கூட்டம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இதற்கு வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இறுதியாண்டு ப்ராஜெக்டில் நான்கு பேரில் ஒருவர் எழுத, மூவர் ஸ்பைரல் பைண்டிங் போடுவது எங்கள் காலத்து வழக்கம். நீங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓடும் நிலையில் எதையாவது கைடிடம் காட்டுங்கள். புரியாததை அன்றே பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். கேட்பது கேவலமல்ல.

என் வயதொத்த தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்ட செய்தி எப்படியும் வரும். ஜூன் 19-இல் வருமா, 27-இல் வருமா என்பது, சொன்னவரை நாம் போன முறை எப்படி நடத்தினோம் என்பதைப் பொறுத்தது.

விடுதியில் நமக்குக் கணக்கு புரியாத இரவில், “வாடா, நானும் முழிச்சிருக்கேன், சேர்ந்து போடுவோம்” என்று சொன்ன நண்பர்கள் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். அஜைல் என்ற சொல்லைக் கேள்விப்படும் முன்பே அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.