கேளாமல் அளித்த தீர்ப்பு

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



எதிரியின் சொல்லைக் கேளாது தீர்ப்பளிக்கலாகாது என்பது நீதிமன்றத்தின் அரிச்சுவடி. கோழித் திருட்டு வழக்கிற்கும் இவ்விதி உண்டு. ஆனால், இலட்சக்கணக்கான உழவரின் வயல்களைப் பற்றிய தீர்ப்பொன்று, அவர்களை அழைத்துக் கேளாமலே வழங்கப்பட்டதை நாம் கண்டோம்.

2021 மே மாதத்தில், இரசாயனப் பசளையையும் கிருமிநாசினியையும் இறக்குமதி செய்வது வர்த்தமானி மூலம் தடுக்கப்பட்டது. மக்களின் சுகமே காரணமெனச் சொல்லப்பட்டது. அந்நோக்கத்தை நான் பழிக்கவில்லை. பசளை மிகுந்தால் கிணற்று நீர் கெடும் என்பதை யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நாடு முழுவதற்கும் போதிய சேதனப் பசளை எங்கே இருந்தது? விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தனர். கமக்காரர் வீதியில் இறங்கினர். நவம்பரில் தடை நீங்கியது. பெரும்போக விதைப்போ அதுவரை காத்திருக்கவில்லை. முந்திய பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன் நெல் விளைந்த நாட்டில், 2021–22 பெரும்போக விளைச்சல் 20 இலட்சம் தொன்னையும் எட்டவில்லை. கட்டளையை மாற்ற ஒரு கையெழுத்துப் போதும். போன போகத்தை எந்தக் கையெழுத்தும் மீட்காது.

தடுப்பதற்குரிய விதியே அனுமதிப்பதற்கும் உரியது. இந்தியாவில் 2009 ஒக்டோபரில், மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றின் மரபணுவைப் புகுத்திய கத்தரியினத்திற்கு நிபுணர் குழு அங்கீகாரம் அளித்தது. காய் துளைக்கும் புழுவைத் தானே எதிர்க்கும் கத்தரி அது. சுற்றாடல் மந்திரியாயிருந்த ஜெயராம் ரமேஷ் உடனே ஒப்பமிடவில்லை. 7 நகரங்களில் பகிரங்கக் கூட்டங்கள் வைத்து, உழவரையும் விஞ்ஞானிகளையும் கேட்டார். 2010 பெப்ரவரியில் அனுமதியை நிறுத்தி வைத்து, அதற்கான காரணங்களை எழுத்தில் வெளியிட்டார்.

அம்முடிவு பிழையென்னும் விஞ்ஞானிகள் உண்டு. பங்களாதேஷ் 2013இல் அதே தொழில்நுட்பத்தை அங்கீகரித்து, அடுத்த ஆண்டு உழவரிடம் கொடுத்தது. எவர் சரியென்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. காரணம் எழுத்தில் இருந்தால் அதை எதிர்த்து வாதாடலாம். ஆயினும், தவணைக்குமேல் தவணையாக இழுபடும் வழக்கும் அநீதியே. நிறுத்தி வைப்பதற்கும் ஒரு காலவரையறை வேண்டும்.

இன்று மரபணுவைத் திருத்திய நெல் வந்துள்ளது. 2025 மே மாதத்தில் இந்தியா அத்தகைய இரு இனங்களை அறிவித்தது. நாளை அக்கேள்வி நம் வரம்பிலும் வந்து நிற்கலாம். அன்று நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, முடிவெடுக்குமுன் ஆய்வு விபரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட்டு, மாவட்டந்தோறும் விசாரணை நடைபெற வேண்டும். இரண்டு, யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் வன்னி, மட்டக்களப்பு வயல்களிலும் தனித்தனியே பரீட்சிக்க வேண்டும். மூன்று, நட்டம் வந்தால் ஈடு செய்பவர் யார் என்பது முன்கூட்டியே சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. கமக்காரர் சங்கங்கள் இன்றே கேட்கத் தொடங்கட்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதென எவரும் தயங்க வேண்டாம். கூலி வாங்காது எழுதித் தர நான் இருக்கிறேன்.